கடற்பசுவும் வரையாடும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

கோடி அற்புதராம் புனித அந்தோனியார், இத்தாலி நாட்டின் ரிமினி நகர்க் கடற்கரையில் நின்று மீன்களுக்குப் போதித்தார் என்ற வரலாற்றை உவரியில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் தாயின் மடியிலேயே கேட்டு வளர்கிறது. அவர் நம் மன்னார் வளைகுடாக் கரையில் நின்று போதித்திருந்தால், அந்த மீன்களுக்கு நடுவே மீன் அல்லாத ஓர் உயிரும் மூச்சு வாங்கத் தலை தூக்கியிருக்கும். அதுதான் கடற்பசு.

நமக்குக் கிழக்கே கடல் இருப்பதுபோல, மேற்கே மலை இருக்கிறது. அந்த மலைத்தொடரின் உச்சிப் பாறைகளில், நின்றால் நமக்குத் தலை சுற்றும் இடங்களில், அச்சமின்றிப் புல் மேய்கிறது வரையாடு.

ஒன்றின் பெயரில் பசு இருக்கிறது. மற்றொன்றின் பெயரில் ஆடு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் தொழுவம் இல்லை, மேய்ப்பனும் இல்லை. இரண்டும் பாலூட்டிகள், இரண்டும் புல்லுண்டு வாழ்பவை, இரண்டும் இன்று அழிவின் விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டவை. பொதிகை மலையில் பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, இவ்விரண்டின் உலகங்களையும் இணைக்கிறது. ஆற்றின் தலைப்பக்கத்தில் ஒன்று, கால்பக்கத்தில் மற்றொன்று! இவ்விரு விலங்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் குலமும்

கடற்பசுவை நம் மீனவர்கள் ‘ஆவுளியா’ என்றும் அழைப்பர். பசு என்று பெயர் பெற்றிருந்தாலும் அது பசுக் குலத்தைச் சேர்ந்ததன்று. இன்று நிலத்தில் வாழும் விலங்குகளுள் அதற்கு நெருங்கிய உறவு யானை என்று உயிரியலார் கூறுகின்றனர். மீனைப்போல் நீந்தினாலும் அதற்குச் செவுள்கள் இல்லை. நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. பால் சுரக்கும் காம்புகள் அதன் முன் துடுப்புகளின் அடியில், அக்குளை ஒட்டி அமைந்துள்ளன.

கடற்பசுவின் குலத்தில் இன்று உலகில் நான்கே இனங்கள் உள்ளன. நம் கடலில் வாழ்வது ஒன்று. மற்ற மூன்றும் ‘மனாட்டி’ எனப்படுபவை. அவற்றுள் ஒன்று தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றிலும், மற்றொன்று கரீபியக் கடற்பகுதியிலும், மூன்றாவது மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. மனாட்டியின் வால் துடுப்புக் கட்டைபோல் வட்டமாக இருக்கும்; நம் கடற்பசுவின் வால் திமிங்கிலத்தின் வாலைப்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். 1493ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொலம்பஸ் கரீபியக் கடலில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகக் குறித்து வைத்தார். ஓவியத்தில் காட்டும் அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும் அவர் எழுதினார்! அவர் கண்டவை மனாட்டிகளே என்பது இன்றைய கருத்து.

இனி, வரையாடு. ‘வரை’ என்றால் மலை. சங்கப் புலவர்கள் இதனை ‘வருடை’ என்று பாடினர். ஆடு என்று பெயர் இருந்தாலும் இது வெள்ளாட்டைவிடச் செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. அதுவரை இமயமலை ஆட்டின் தம்பி என்று எண்ணப்பட்ட வரையாடு, அன்றுமுதல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே, அதிலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே, இது வாழ்கிறது. வடக்கே நீலகிரியிலிருந்து ஆனைமலை, பழனிமலை வழியாக நம் அகத்தியமலை வரை இதன் வீடு நீள்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உயர்ந்த பாறைகளிலும் வரையாடுகள் உள்ளன.

பசுவல்லாத பசுவும், வெள்ளாடல்லாத ஆடும்! பெயரை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது என்பதற்கு இவை நல்ல சான்றுகள் அல்லவா?

உருவமும் வாழும் முறையும்

வளர்ந்த கடற்பசு 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை இருக்கும். அதன் எலும்புகள் அடர்ந்து கனமானவை. ஆகவே எளிதில் கடலடிக்கு இறங்க முடிகிறது. அதன் வாய் கீழ்நோக்கி வளைந்து, தரையோடு தரையாக மேய்வதற்கு ஏற்றபடி அமைந்துள்ளது. புல்லை வேரோடு பிடுங்கி, ஒரு நாளில் 30 கிலோவுக்கும் மேல் தின்னும். அது மேய்ந்து சென்ற வழி, கடலடி மணலில் வாய்க்கால் வெட்டியதுபோல் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். இந்தச் செய்தியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதன் வாழ்வும் சாவும் இதில்தான் இருக்கின்றன.

வரையாட்டுக் கிடா தோள்வரை ஏறத்தாழ 1 மீட்டர் உயரமும், 100 கிலோ வரை எடையும் கொண்டது, பெட்டை சிறியது. இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. முதிர்ந்த கிடாவின் முதுகில், சேணம் போட்டதுபோல் வெளிறிய நிறம் படரும். குளம்புகள் பாறையை வழுக்காமல் பற்றிக்கொள்ளும். கூட்டம் மேயும்போது ஒன்று உயரமான பாறையில் நின்று காவல் காக்கும். சிறுத்தையோ செந்நாயோ தென்பட்டால் ஒலி எழுப்பும். உடனே கூட்டம் முழுவதும் செங்குத்துப் பாறைகளுக்குத் தாவிவிடும்.

புல்லைச் செரிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. வரையாடு அசைபோடும் விலங்கு. இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. கடற்பசுவோ அசை போடுவதில்லை. யானை, குதிரை ஆகியவற்றைப்போல் நீண்ட குடலிலேயே புல்லைச் செரித்துக்கொள்கிறது. ஆபத்து வந்தால் வரையாட்டுக்கு ஏறிச் செல்லப் பாறை உண்டு. கடற்பசுவுக்கு அப்படி ஒரு புகலிடம் இல்லை.

புல்லே உயிர்

கடற்புல் என்றவுடன் பாசி என்று பலர் நினைத்துவிடுகின்றனர். பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உண்டு. அது கடலுக்குள் வாழும் பூக்கும் தாவரம். வெயில் ஊடுருவும் ஆழமற்ற, தெளிந்த நீரில்தான் வளரும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பத்துக்கும் மேற்பட்ட கடற்புல் வகைகள் உள்ளன. இறாலும் நண்டும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளர்வது இப்புல்வெளியில்தான். அதன் வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன. கரியையும் மண்ணுக்குள் புதைத்து வைக்கின்றன.

மலைப் புல்வெளியும் இதுபோன்றதே. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையில்லாத நாள்களிலும் ஓடைகளாகக் கசியவிடுவது இவற்றின் பணி. அவ்வோடைகள் சேர்ந்துதான் ஆறு ஆகின்றது. காரையாறு, பாபநாசம் அணைகளை நிரப்புவதும், நெல்லை வயல்களில் பாய்வதும், நம் குடங்களை நிரப்புவதும் அந்த மலை தந்த நீரே.

ஆகவே கடற்பசு இல்லாத புல்வெளி நமக்கு எதற்கு, வரையாடு இல்லாத மலை நமக்கு எதற்கு என்று கேட்பதைவிட, அந்தப் புல்வெளிகள் இல்லாமல் நாம் எப்படி வாழ்வோம் என்று கேட்பதே முறை. இவ்விரண்டு விலங்குகளும் நலமாக இருக்கின்றன என்றால், புல்வெளி நலமாக இருக்கிறது என்று பொருள்.

குறைந்தது ஏன்?

ஆங்கிலேயர் காலத்தில் வரையாடு வேட்டைப் பொருளாயிற்று. பின்னர் அதன் புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும், தைல மரம், சீகை, பைன் ஆகியவற்றின் காடுகளாகவும் மாற்றப்பட்டன. மரம் நடுவது எப்போதும் நன்மை என்று நாம் எண்ணுகிறோம். புல்வெளியில் மரத்தை நட்டால் அங்கே வாழும் உயிருக்குத் தீமை என்பதை வரையாடு நமக்குக் கற்பிக்கிறது. இன்று அவை சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் செல்ல முடியாமல் தனித்தனித் தீவுகளில் இருப்பதுபோல் வாழ்கின்றன.

கடற்பசு முற்காலத்தில் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. இன்று அதற்குப் பெரும் பகை வலைதான். மீனுக்கென்று விரித்த வலையில் தற்செயலாகச் சிக்கிக்கொண்டால், மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சில நிமிடங்களில் மூழ்கி இறந்துவிடுகிறது. கடலில் வாழும் உயிர் நீரில் மூழ்கிச் சாவது எத்தகைய கொடுமை! அடிக்கடலை வாரிச் செல்லும் இழுவைமடிகள் கடற்புல்லைப் பெயர்த்துவிடுகின்றன. கலங்கிய நீரும் கழிவும் வெயிலை மறைத்துப் புல்லை வாடச் செய்கின்றன.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வரையாடு ‘அருகிவரும் இனம்’ என்றும், கடற்பசு அதற்கு ஒரு படி கீழே ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்றும் குறிக்கப்பட்டுள்ளன. இதைப் படித்ததும் கடற்பசுவின் நிலை பரவாயில்லை என்று நானும் முதலில் எண்ணினேன். அது தவறு. ஆஸ்திரேலியக் கடல்களில் கடற்பசுக்கள் மிகுதியாக இருப்பதால்தான் உலகக் கணக்கு அவ்வாறு அமைந்தது. இந்தியக் கடல்களில், தமிழ்நாடு, குசராத்து, அந்தமான் நிக்கோபார் ஆகிய மூன்று பகுதிகளில், எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. வரையாடுகளோ 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668.

ஒரு கணக்கு

எண்ணிக்கையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பெட்டை வரையாடு மூன்று வயதளவில் தாயாகிறது. ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டி ஈனுகிறது. அடுத்த ஆண்டே மீண்டும் ஈனலாம். கடற்பசுவோ 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் தாயாவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் ஆகும். ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி விடுகிறது.

கடற்பசுக் கூட்டம் எல்லா நலன்களும் பெற்று வாழ்ந்தாலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது என்பது இதனை ஆராய்ந்தவர்களின் கணக்கு. நாம் கடற்பசுக்களின் தொகையை 200 என்று வைத்துக்கொள்வோம். 200இல் 5 விழுக்காடு 10. அப்படியானால், நம் நாட்டுக் கடற்கரை முழுவதிலும் சேர்த்து ஓராண்டில் பத்துக் கடற்பசுக்கள் வலையில் மாண்டாலே போதும். அவ்வாண்டின் பெருக்கம் முழுவதும் போய்விடும். பதினோராவது மாண்டால் இனம் குறையத் தொடங்கும். பத்து என்பது எங்கள் வகுப்பின் ஒரு வரிசையில் அமரும் மாணவிகளின் எண்ணிக்கை!

இதற்கு வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. வடபசிபிக் கடலில், கடற்பசுவின் உறவான மிகப் பெரிய விலங்கு ஒன்றை ஸ்டெல்லர் என்ற அறிஞர் 1741ஆம் ஆண்டில் கண்டு எழுதினார். மாலுமிகள் அதை உணவுக்காக வேட்டையாடினர். 1768ஆம் ஆண்டுக்குப் பின் அதனை யாரும் காணவில்லை. கண்டறிந்த 27 ஆண்டுகளில் ஓர் இனமே அழிந்தது.

இதற்கு மாறாக, கேரளத்தின் இரவிகுளம் 1975ஆம் ஆண்டில் வரையாட்டுக்கெனச் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. குட்டி ஈனும் காலத்தில் ஆண்டுதோறும் பார்வையாளர்களுக்கு அது மூடப்படுகிறது. இன்று உலகிலேயே மிகுதியான வரையாடுகள் வாழும் இடம் அதுதான். வரையாட்டுக்குப் புல்வெளியும் அமைதியும் கொடுத்தால், ஒரு தலைமுறைக்குள் அது மீண்டுவிடுகிறது. கடற்பசுவுக்கோ பல தலைமுறைகளின் பொறுமை வேண்டும்.

சட்டமும் திட்டமும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் முதலாம் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. கடற்பசு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் விலங்கு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் 25 கோடியே 14 இலட்சம் ரூபாயில் வரையாட்டுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. வரையாட்டை ஆராய்ந்த இ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

யார் கையில்?

இதுவரை புத்தகத்தில் உள்ளதை எழுதினேன். இனி எங்கள் வீட்டில் கேட்டதை எழுதுகிறேன்.

இக்கட்டுரைக்காக என் தாத்தாவிடம் ஆவுளியாவைப் பற்றிக் கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோது, அதாவது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பு, தம் தந்தையுடன் கீழக்கரைப் பக்கம் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தாராம். ஒருநாள் விடியற்காலையில் திருக்கை வலையை இழுத்தபோது, அதில் ஓர் ஆவுளியா இறந்து கிடந்ததாம். அதன் கன்று வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததாம். “அப்போ எங்களுக்கு அது கறிதான் மக்கா. ஆனா அந்தக் குட்டி பார்த்த பார்வை இப்பவும் கண்ணுல நிக்குது” என்றார்.

“இப்போது சிக்கினால் என்ன செய்வீர்கள், தாத்தா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் கூறவில்லை. “வலையை அறுத்துத்தான் விடணும். ஆனா அறுத்த வலைக்கு யாரு பொறுப்பு? அதுல கடன் இருக்குல்லா?” என்றார்.

இந்தக் கேள்வியில்தான் இரண்டு விலங்குகளுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாட்டை நான் கண்டேன். வரையாட்டைக் காக்க வனக்காவலர்கள் இருக்கிறார்கள். அதைக் காப்பதால் உவரியில் எந்த வீட்டு அடுப்பும் அணைவதில்லை. ஆனால் கடற்பசுவைக் காக்க வேண்டியவர், நள்ளிரவில் நடுக்கடலில் கையில் கத்தியுடன் நிற்கும் மீனவர். அங்கே அவரைப் பார்க்க அதிகாரி இல்லை. பாராட்ட யாரும் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் அவர் முடிவெடுக்க வேண்டும். வலையை அறுத்தால் கடற்பசு பிழைக்கும்; அவர் குடும்பத்துக்கு இழப்பு. அறுக்காவிட்டால் வலை பிழைக்கும்.

பாக் விரிகுடா மீனவர்கள் பலர், வலையில் சிக்கிய கடற்பசுக்களை உயிருடன் கடலில் விட்டிருக்கிறார்கள். அரசும் அவர்களைப் பாராட்டிப் பரிசு வழங்கியிருக்கிறது. இது மகிழ்ச்சி தரும் செய்தி. கடற்பசு நாட்டுக்கே சொந்தம் என்றால், அதற்காக அறுந்த வலையின் விலையையும் நாடே ஏற்பதுதான் நீதி. பரிசு ஒருவருக்கு ஒருமுறை கிடைக்கும்; இழப்பீடு காலந்தாழ்த்தாமல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். அப்போது கத்தியை எடுக்கும் கை தயங்காது.

முடிவுரை

104ஆம் திருப்பாடல், உயர்ந்த மலைகளைக் காட்டாடுகளின் இருப்பிடம் என்றும், பரந்து விரிந்த கடலை எண்ணற்ற உயிர்களின் உறைவிடம் என்றும் கூறி இறைவனைப் புகழ்கிறது. மலையையும் கடலையும் ஒரே பாடலில் வைத்தது எவ்வளவு பொருத்தம்! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், அழிந்துபோகும் உயிரினங்களை நம் பிள்ளைகள் ஒருபோதும் காணமாட்டார்கள் என்று வருந்தியுள்ளார்.

அன்புத் தோழியரே! மாணவிகளாகிய நம்மால் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். பாபநாசத்துக்கோ மணிமுத்தாறுக்கோ சுற்றுலா செல்லும்போது பிளாஸ்டிக் பைகளை மலையில் எறியாதிருக்கலாம். கடற்பசுவுக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் உள்ள தம்பி தங்கைகளுக்குச் சொல்லலாம். உயிருடன் சிக்கினால் உடனே விடவேண்டும் என்றும், கரையொதுங்கினால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் தந்தையரிடமும் அண்ணன்மாரிடமும் எடுத்துரைக்கலாம். பிள்ளைகள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்து என் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லர் கண்ட விலங்கு 27 ஆண்டுகளில் அழிந்த பகுதியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தொழிலுக்குப் புறப்பட்ட என் சித்தப்பாவைக் கூப்பிட்டு, “வள்ளத்துல கத்தி இருக்கா? நல்லாத் தீட்டி வை” என்றார்.

பத்தாம் வகுப்பு மாணவி,
உவரி.